பிணையாளர் இல்லாத வாசகர்

(பதுளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இப்படிப்பட்ட மேடைகளில் ஓர் இலக்கிய நூலையோ ஒரு பெரியவரின் வாழ்க்கையையோ எடுத்துப் பேசுவது வழக்கம். நான் எடுத்து வந்திருப்பது ஒரு விண்ணப்பப் படிவம், பொது நூலகத்தில் அங்கத்தவராகச் சேர்வதற்கான படிவம். ஊவாத் தோட்டங்களில் பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவை இந்த ஒரு தாளிலேயே வாசித்துவிடலாம்.

முன்பக்கத்தில் பெயர், பிறந்த திகதி, பாடசாலை, நிரந்தர முகவரி. அதற்குக் கீழே கிராம உத்தியோகத்தர் கையொப்பமிட ஒரு கோடு. பின்பக்கத்தில் பிணையாளரின் விபரம்: அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், சபைக்குச் சோலைவரி கட்டும் வீட்டின் இலக்கம். எல்லாச் சபைகளிலும் படிவம் ஒன்றுபோல இருப்பதில்லை. சில இடங்களில் பிணையாளருக்குப் பதிலாக வைப்புப் பணம் கேட்கிறார்கள், சில இடங்களில் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் கையொப்பமிட்டால் போதும் என்கிறார்கள். ஆனால் அடிப்படை ஒன்றுதான். புத்தகம் திரும்பி வராவிட்டால் யாரைப் பிடிப்பது என்பதே அந்தத் தாளின் கவலை.

பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று இந்தப் படிவத்தை நிரப்பியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எந்த நூலகம் என்பது இங்கே முக்கியமில்லை. பெயரை முத்து முத்தாக எழுதினாள். முகவரிக்குத் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதிவிட்டு அடுத்து என்ன எழுதுவது என்று யோசித்தாள். லயத்து வீட்டு வரிசைக்கு இலக்கம் இருக்கிறது, அதில் அவர்கள் இருக்கும் காம்பராவுக்கு இல்லை. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. தாளைத் திருப்பினாள். பிணையாளர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கூட வந்த தோழியைப் பார்த்தாள். “அப்பாவப் போடலாமாடி?” என்று மெதுவாகக் கேட்டாள். போட முடியாது. லயம் தோட்டத்துக்கு உரியது, அதற்கு அப்பா பெயரில் சோலைவரி இல்லை. அப்பாவுக்கு மட்டுமல்ல, அந்தத் தோட்டத்தில் யாருக்குமே இல்லை. பரம்பரை பரம்பரையாக மலை ஏறிக் கொழுந்து பறித்த ஒரு சமூகம் முழுவதும் ஒரு சிறுமிக்கு ஒரு கதைப் புத்தகத்துக்குப் பிணை நிற்கத் தகுதியற்றதாக அந்தத் தாளின்முன் நின்றது. டவுனில் தெரிந்த கடைக்காரர் யாராவது கையொப்பமிட்டால் சரி என்றார்கள். இரண்டு பேரும் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மேசையில் இருந்த நூலகரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது சபையின் விதி. தொலைந்த புத்தகத்தின் விலையைத் தன் சம்பளத்தில் கழிப்பார்கள் என்ற பயம் நம் நூலகர்களில் பலருக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கு முன்னால் நூலகரை அந்தப் பயத்திலிருந்து விடுவிக்க வேண்டும்.

அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் நிலைமையைப் பார்ப்போம். இந்த நாட்டில் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு: மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. தோட்டங்களைச் சுற்றியிருப்பவை பெரும்பாலும் பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. நம் மக்கள் அந்தச் சபைகளுக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களை அனுப்பினார்கள். ஆனால் அந்த உறுப்பினர் தன் சொந்த லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு லோடு கல் கொட்டவும் சட்டம் குறுக்கே வந்தது. பாதைக்கே இந்த நிலை என்றால் வாசிகசாலையை யார் நினைப்பார்கள்? 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! அந்தச் சட்டம் வந்தபோது பிறந்த குழந்தை, தோட்டத்து வாசிகசாலை என்ற ஒன்றைப் பார்க்காமலே பதின்ம வயதைக் கடந்து, தாயாகித் தன் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டது.

அதற்கும் முன்னால் போனால் தோட்டம் என்பது எழுத்தைக் கண்டு அஞ்சிய இடம். 1920களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தொழிலாளரைச் சந்திக்கப் புடவை வியாபாரிபோலத் தோட்டத்துக்குள் போனார் என்பது நாம் அறிந்த வரலாறு. வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம் என்பதால்தான் அப்படி. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுகளை அச்சிட்டு, மேடையில் பாடித் தொழிலாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1977 முதல் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்ற பிறகுதான் ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, சாதாரண தரம் என்று நம் பிள்ளைகள் மேலே ஏறினார்கள். ஆக, தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்த பதின்ம வயதினர் பெருந்தொகையாக உருவாகி இரண்டு தலைமுறைதான் ஆகிறது. நூலகச் சேவை அவர்களை எதிர்பார்த்து அமைந்தது அல்ல என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது தோட்டத்தில் வாசிப்பே இருந்ததில்லை என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை ராகம் போட்டு வாசிக்க, லயமே கூடியிருந்து கேட்ட இரவுகள் இருந்தன. காமன் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் ஏடு வைத்துப் பாடம் சொன்ன வாத்தியார்கள் இருந்தார்கள். வேடம் கட்டியவர்களில் பாதிப்பேர் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள்தான். இங்கிருந்து எழுத்தாளர்களும் வந்தார்கள். தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலிஎலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். பதுளை மாவட்டத்துத் தெளிவத்தை என்ற தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, ‘காலங்கள் சாவதில்லை’ நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைகளையும் எழுதினார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது, 2022இல் மறைந்தார். இந்த மலைகளின் பிள்ளை அவர். தெளிவத்தையிலும் ஊவாக்கட்டவளையிலும் இன்றைக்குப் பதினைந்து வயதில் இருக்கும் ஒரு பிள்ளை அவருடைய நூலொன்றை இரவல் வாங்க எங்கே போவது? இந்தக் கேள்வியை இங்கே இருக்கும் பெரியவர்களிடம் வைக்கிறேன்.

ஏன் குறிப்பாகப் பதின்ம வயது? இஃப்லா என்ற உலக நூலகச் சம்மேளனம் பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையுள்ளவர்களைத் தனிப் பிரிவாகக் கொண்டு சேவை செய்யச் சொல்கிறது. நம் நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கிறது, நிறம் தீட்டிய குட்டிக் கதிரைகளும் இருக்கின்றன. பெரியவர்களுக்குப் பத்திரிகை மேசை இருக்கிறது. இடையில் உள்ளவனுக்கு உட்கார இடமில்லை. குட்டிக் கதிரையில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். பத்திரிகை மேசைக்குப் போனால் “தம்பிக்கு டியூஷன் இல்லையா?” என்பார்கள். நாலு பேராகச் சேர்ந்து வந்தால் சத்தம் போடுவார்கள் என்று முன்கூட்டியே ஒரு பார்வை விழும். ஆனால் தோட்டப் பிள்ளையின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பது முடிவாவது அந்த வயதில்தான். 2016இல் கட்டாயக் கல்வி வயதைப் பதினாறாக்கினார்கள், 2021இல் வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதையும் பதினாறாக உயர்த்தினார்கள். இரண்டும் நல்ல சட்டங்கள். பதினாறு நிறைந்த மறுநாள் என்ன என்பதற்கு அவற்றில் பதில் கிடையாது. பையன் புறக்கோட்டைக் கடைக்குப் போகிறான், பெண் பிள்ளை கொழும்பில் ஒரு வீட்டுக்கோ ஒரு கார்மென்ட் தொழிற்சாலைக்கோ போகிறாள், அல்லது அம்மாவோடு மலைக்குப் போய்த் தொழிலாளியாகப் பெயர் பதிகிறாள்.

அதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2024ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது, முடிவுகள் ஜூலையில் வந்தன. டவுன் பிள்ளைக்கு அந்த மாதங்கள் உயர்தர டியூஷன் காலம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது வீட்டில் சும்மா இருக்கும் காலம், “சும்மா இருக்கிற பிள்ளை ரெண்டு மாசம் கடைக்குப் போய்ட்டு வரட்டுமே” என்று மாமா ஒருவர் வந்து கேட்கும் காலம். போனவர்களில் பலர் முடிவு வந்தபின் திரும்புவதில்லை. கணக்கில் சித்தியடையாதவர்கள் திரும்பவே மாட்டார்கள். நூலகம் ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து நிறுத்த வேண்டிய மாதங்கள் அவை. பாடசாலை கதவைச் சாத்தியிருக்கும் நேரத்தில் சித்தி, தோல்வி என்ற கேள்வி இல்லாமல் உள்ளே விடக்கூடிய ஒரே அரசாங்கக் கட்டடம் நூலகம்தான். கடந்தகால வினாத்தாள்களும் அங்கே இருக்கட்டும், இரண்டாம் தடவை கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு மேசை ஒதுக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் தொழிற்பயிற்சி நிலையத்துக்கான விண்ணப்பத்தைப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுக்கட்டும். அந்த மேசைக்கு வந்தவன் எழும்பிப் போகும்போது கையில் ஒரு நாவலும் போகும்.

செல்போன் வந்த பிறகு நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது இந்த மாவட்டத்தின் போஹிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியாக மலைப்பாறை ஏறிப் படித்தார்கள். லுணுகலைப் பக்கம் மரத்தின் மேல் பரண் கட்டி அதில் உட்கார்ந்து படித்தார்கள். உலகப் பத்திரிகைகளில் அந்தப் படங்கள் வந்தன. அவர்கள் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். மலைக்கு இந்தப் பக்கம் நம் பிள்ளைகளும் தேயிலைக்கு நடுவே கல்லில் ஏறி நின்றார்கள். கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரே தாகம் என்பதை அந்தக் காலம் காட்டியது. இன்றைக்குச் சிக்னல் கிடைக்கும் இடங்களிலும் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு. அதில் ஓடுவது முப்பது விநாடி வீடியோ. பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? கையில் கொடுக்க வேறொன்றும் நம்மிடம் இருக்கவில்லையே.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வயதுக்கு வந்த பிறகு அவள் போகக்கூடிய இடங்கள் பாடசாலை, கோயில், தண்ணீர்ப் பீலி என்று சுருங்கிவிடும். நூலகம் டவுனில் இருந்து, கடைசி பஸ் பொழுது சாயும் நேரத்தில் இருந்தால் அவளுக்கு அது இல்லாத நூலகம்தான். சனி ஞாயிறுகளில் அம்மாவுக்கு வேலை இருந்தால் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் எங்கும் போக முடியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் வாசகியை உள்ளே விட மாட்டோம் என்ற நூலகத்துக்கு அவள் எப்படி வருவாள்? கழிவறை சுத்தமாகவும் தாழ்ப்பாளோடும் இருப்பதும் நூலகச் சேவைதான். உடம்பைப் பற்றி, காதலைப் பற்றி, சட்டத்தைப் பற்றி அவள் எடுக்கும் புத்தகத்தை யாரும் தலைப்பை உரக்க வாசித்துப் பதியாமல் இருப்பதும் சேவைதான்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஈனொக் பிராட் நூலகத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற அம்மையார் 1930களிலிருந்து பதின்ம வயதினருக்கான சேவையைக் கட்டியெழுப்பினார். வறிய குடியிருப்புகளின் பிள்ளைகள் நூலகத்துக்கு வரவில்லை என்றதும் 1940களின் கோடையில் ஒரு குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு அவர்களுடைய தெருவுக்கே போனார். அவர் தன் உதவியாளர்களிடம் கண்டிப்பாக எதிர்பார்த்தது ஒன்று: பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புத்தகங்களை முதலில் நீ வாசித்திருக்க வேண்டும். இன்றைக்கு இளையோர் இலக்கியத்துக்கான பெரிய விருதுகளில் ஒன்று அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

நம்மவர்கள் இதற்கு முன்னாலேயே செய்திருக்கிறார்கள். 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர் மாட்டு வண்டியில் நூலகம் நடத்தினார். இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். நூலகவியலுக்கான அவருடைய ஐந்து விதிகள் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். இன்னும் நெருக்கமான உதாரணம் கேரளத்தின் இடுக்கி மலையில், நம்முடையவை போன்ற தேயிலைத் தோட்டங்களுக்கும் அப்பால் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி. அங்கே சின்னத்தம்பி என்ற தேநீர்க் கடைக்காரர் தன் மண் குடிசைக் கடையில் நூற்று அறுபது புத்தகங்களை வைத்து முதுவான் பழங்குடி மக்களுக்கு இரவல் கொடுத்தார். யார் எதை எடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று கொப்பியில் எழுதிவைத்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய் எழுதியதால் உலகுக்குத் தெரிந்தது. பிளேன்டீ குடிக்க வந்தவர் சிலப்பதிகாரத்தை வாங்கிக்கொண்டு போனார். அங்கே யாரும் பிணை கேட்கவில்லை.

ஊவாவில் புத்தகம் எந்த இடத்துக்குப் போக வேண்டும்? என் யோசனை மடுவம். கொழுந்து நிறுக்கும் மடுவம் எல்லா டிவிஷனிலும் இருக்கிறது. கூரை இருக்கிறது, வெளிச்சம் போடலாம், லயத்துக்குப் பக்கம், வழி தெரியாதவர்கள் இல்லை. மாலை நிறுவை முடிந்த பிறகு அது வெறுமனே கிடக்கிறது. பூட்டக்கூடிய ஒரு தகரப் பெட்டியில் எண்பது, நூறு புத்தகங்கள். தகரப் பெட்டி என்று வேண்டுமென்றே சொல்கிறேன். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை இந்தப் பக்கத்து மழையில் மர அலுமாரியில் வைத்த புத்தகம் பூஞ்சணம் பிடித்துவிடும். பெட்டியைப் பிரதேச சபை நூலகம் கொடுக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து டிவிஷன் பெட்டியோடு மாற்றிக்கொள்ளட்டும். சாவி அந்த டிவிஷனின் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் இருவரிடம் இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் பெண் பிள்ளையாக இருக்க வேண்டும். பெரியவர்களின் கமிட்டியிடம் சாவியைக் கொடுத்தால் தலைவர் யார், செயலாளர் யார், எந்தச் சங்கம் என்ற சண்டையில் பெட்டி பூட்டியபடியே கிடக்கும். தோட்ட நிர்வாகத்தோடு பேசித்தான் இதைச் செய்ய முடியும். பேசிப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குமேல் சும்மா கிடக்கும் ஒரு கூரையைக் கேட்பதில் நிர்வாகத்துக்கு என்ன நட்டம் வந்துவிடப் போகிறது?

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்? பரிசளிப்பு விழாவில் மிஞ்சிய நீதிக் கதைகளையும் பழைய பாடநூல்களையும் போட்டு நிரப்பினால் பிள்ளைகள் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் வேண்டும். கல்கி வேண்டும், துப்பறியும் கதைகள் வேண்டும், கிரிக்கெட் பற்றி வேண்டும், மோட்டார் சைக்கிள் எஞ்சின் எப்படி இயங்குகிறது என்பது வேண்டும். இதோடு அவர்களுடைய சொந்தக் கதை வேண்டும்: தெளிவத்தை ஜோசப், சி. வி. வேலுப்பிள்ளை, 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. தன் பாட்டியின் மலையும் மட்டக்கோலும் அச்சில் வரும் என்று தெரியாமல் வளரும் பிள்ளைக்கு, அது முதன்முதலாகக் கண்ணில் படும்போது முகம் மாறுவதை ஆசிரியர்கள் பார்த்திருப்பீர்கள். நூறு பிரதி வாங்கினால் ஊவாவின் எத்தனை டிவிஷனுக்குப் போய்ச் சேரும்! தமிழ் தெரிந்த ஒரு நூலகர் இல்லாமல் இந்தத் தெரிவைச் செய்ய முடியாது. ஊவாவின் நூலகங்களில் தமிழ்த் தட்டு மெலிந்து கிடப்பதற்குப் பணக் குறைவு ஒரு காரணம். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தமிழில் வாசித்துப் பட்டியல் போட ஆளில்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

வாசிப்பதோடு சேகரிக்கும் வேலையையும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். அவர் போகாத தோட்டங்களில் இன்னும் பாட்டிகள் இருக்கிறார்கள். 2023இல் நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்த இருநூறு ஆண்டு நினைவைக் கொண்டாடினோம். அந்த இருநூறு ஆண்டுகளின் காகிதங்கள் எங்கே? துண்டுச் சீட்டுகள், தேர்த் திருவிழா நோட்டீஸ்கள், பழைய பிரஜாவுரிமை விண்ணப்பங்கள், பள்ளிக்கூட மலர்கள், எல்லாம் லயத்து மேல்தட்டில் புகை பிடித்துக் கிடக்கின்றன. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் பாதுகாத்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு செல்போனும் பொறுமையும் உள்ள நான்கு பிள்ளைகள் தங்கள் தோட்டத்தின் காகிதங்களைப் படம் எடுத்துத் தரமுடியும், பாட்டியின் பாட்டைப் பதிய முடியும். அப்படிச் செய்யும் பிள்ளைக்கு நூலகம் அரசாங்க ஆபீசாகத் தெரியாது, தன் பெயரும் அதில் சேர்ந்த இடமாகத் தெரியும். மாதத்தில் ஓரிரவு அந்தப் பெட்டியைத் திறந்து வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். அது நமக்குப் பழகிய முறைதான்.

இவ்வளவுக்கும் பெரும் பணம் தேவை என்று யாரும் கைவிரிக்க வேண்டாம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகள் அதிகாரிகளின் கையில் இருந்தன. 2025 மே மாதத்தில் தேர்தல் நடந்து நம் ஊர்களுக்கு மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். சட்டத்தில் 33ஆம் பிரிவின் தடையும் இல்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறது, கொடுப்பதற்கு அதிகாரமும் இருக்கிறது.

இங்கே முன்வரிசையில் இருக்கும் பிரதேச சபை உறுப்பினர்களிடம் நான் கேட்பது வரவுசெலவுத் திட்டம்கூட வேண்டாத ஒன்று. அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டு வாருங்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்குப் பிணையாளரும் வைப்புப் பணமும் தேவையில்லை, பாடசாலை அதிபரோ பயிற்சி நிலையமோ கோயில் பரிபாலன சபையோ கொடுக்கும் ஒரு வரி போதும், லயத்து முகவரி ஏற்கப்படும், வழமையான தேய்மானத்துக்கும் இழப்புக்கும் சபை பொறுப்பேற்கும், நூலகரின் சம்பளத்தில் கழிக்கப்படாது. ஐந்து வாக்கியங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி இன்று கொண்டு வந்திருக்கிறேன், பிரதிகள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. பக்கத்திலேயே பழைய படிவத்தின் பிரதியையும் வைத்திருக்கிறேன். இரண்டையும் எடுத்துப் போங்கள்.